சாந்தோமில் ரீட்டா அக்காவின் பக்கத்து இடம்

"ஆன்ட்டி, அம்மா பூட்டாங்க" என்று ரீட்டா அக்காவின் மகள் தொலைபேசியில் சொன்னபோது தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்தேன். அழுகை வரவில்லை; வெட்கம்தான் வந்தது. ஏன் என்பதை, ஆவடிக் குடியிருப்பில் அவரோடு பழகிய உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

என்னைச் சாந்தோம் பேராலயத்துக்கு முதலில் அழைத்துப் போனவர் அவர். கோயில் பழக்கத்தில் வாசலிலேயே செருப்பைக் கழற்றினேன். அங்கே அது கட்டாயமில்லை; ஆனாலும் அக்கா தானும் கழற்றினார். வெளியே வெயிலில் எரிந்த வெள்ளைக் கோபுரம். உள்ளே உயரத்தில் கூர்மையாக ஒன்றுகூடும் வளைவுகள், மரக்கூரை, வண்ணக் கண்ணாடி வழியே தரையில் கிடந்த சிவப்பும் நீலமும். மெழுகுவாசனையை விலக்கிக்கொண்டு அவ்வப்போது கடற்காற்று வந்தது.

"இன்னாடி, மேலயே பாத்துகினு கீற? கழுத்து சுளுக்கிக்கப் போவுது" என்றார்.

திருப்பலியில் எல்லோரும் எழுந்து வரிசையில் போக, நானும் போனேன். பாதிரியார் என் கையில் வைத்த அப்பத்தை வாயில் போடவில்லை. வீட்டில் மகனுக்குக் காய்ச்சல். பிரசாதம்தானே என்று முந்தானையில் முடிந்துகொண்டிருந்தேன். கிறிஸ்தவர்கள் மட்டுமே வாங்கி, அங்கேயே உட்கொள்ள வேண்டியது அது என்று எனக்குத் தெரியாது. அக்கா பார்த்துவிட்டார். அதை இரு கைகளாலும் வாங்கி, தலைகுனிந்து, தானே உட்கொண்டார்.

பின்வரிசை அம்மாள் விடவில்லை. "யார்மா இது? சொல்லி இட்டுகினு வரக்கூடாது?"

"எங்குத்தம்தான் பெரியம்மா. நான்தான் சொல்லல."

பேருந்தில் சிரித்தார். "புள்ளைக்குத்தானே எட்த்த. அதுக்கெல்லாம் ஆண்டவர் கோச்சுக்க மாட்டாரு."

அவர் அதோடு மறந்தார். நான் மறக்கவில்லை. அந்த வரிசையில் இருந்தவர்கள் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. அதன்பின் அவர் கூப்பிட்டபோதெல்லாம் ஏதோவொரு சாக்கு. நோயில் படுத்தபின் ஒருநாள், "ஒருவாட்டி சாந்தோமுக்கு இட்டுகினு போறியாடி? தனியா படியேற முடியல" என்றார். மகனுக்குப் பரீட்சை என்றேன். "சரி வுடு, அவனைப் பாத்துக்க" என்றார். பரீட்சை எதுவும் இல்லை.

போன ஞாயிறு தனியாகப் போனேன். அப்பம் வாங்க எல்லோரும் எழுந்தபோது முழங்காலை ஒதுக்கி வழிவிட்டேன். என்னை யாரும் பார்க்கவில்லை. பக்கத்து இடம் காலியாக இருந்தது. அங்கே அண்ணாந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரே சொல். தான் செய்யாததற்கு, அத்தனை பேர் முன்னால், குரலைத் தாழ்த்தாமல் அவர் சொன்னது. கடைசியில் அவரைத் தனியே விட்டதற்கு, அதையே இங்கே சொல்கிறேன், அக்கா: எங்குத்தம்தான்.