விட்ட இடத்திலிருந்து...

போன வியாழக்கிழமை பெரியநாயக்கன்பாளையம் போயிருந்தேன். என் தங்கை கோகிலா அங்கே ஒரு பம்ப் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். அங்கே கண்டதை உங்களிடம் சொல்லாமல் எப்படி இருப்பது?

கோகிலா ஒரு சாஃப்ட்வேர் எழுதியிருக்கிறாள். மீடியா சர்வர் என்கிறாள். பாட்டோ பேச்சோ, ஒரு கம்ப்யூட்டரில் போட்டு வைத்தால் போதும் – ஆபீஸில் உள்ள மற்ற கம்ப்யூட்டர்களிலும் கேட்கலாம். எழுதியதைப் பூட்டி வைக்கவில்லை. யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று இன்டர்நெட்டில் திறந்து விட்டுவிட்டாள். போலந்திலிருந்து ஒருவர் கூடச் சேர்ந்துகொண்டார். முகம் பார்த்ததில்லை... ஈமெயில் பழக்கம்தான்.

அடுத்த வெர்ஷனில் படமும் ஓட வேண்டும் என்பது இருவரும் போட்ட திட்டம். போலந்துக்காரர் நான்கு மாதமாக அதிலேயே மூழ்கிக் கிடந்தார்.

இதற்கு நடுவில்தான் சண்முகம் வந்தார். கம்பெனியின் டெலிபோன் ஆபரேட்டர். பார்வை கிடையாது. தபாலில் பி.ஏ. படிக்கிறார். பாடங்களை மனைவி வாசித்துக் கேசட்டில் பதிவு செய்ய, கோகிலா அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தாள். சாப்பாட்டு நேரத்தில் தன் மேஜையிலேயே கேட்பார்.

ஆனால் டெலிபோனுக்குச் சாப்பாட்டு நேரம் தெரியுமா? மணி அடித்தால் பாடத்தை நிறுத்த வேண்டும். மறுபடி போட்டால்... முதலிலிருந்து ஆரம்பிக்கும்!

"ஏனுங்க அம்மணி, ஒரே பாடத்தை மூணு நாளா மொதல்ல இருந்தே கேக்கறனுங்க. ரெண்டு மாசத்துல பரீச்சைங்க. விட்ட எடத்துல இருந்து பேசற மாதிரி பண்ண முடியுங்களா?"

கோகிலா அன்றே திட்டத்தை மாற்றினாள். இது முதலில், படம் பிறகு. போலந்திலிருந்து சூடாகப் பதில் வந்தது – ஒரே ஒரு ஆளுக்காக என் உழைப்பைத் தள்ளி வைப்பதா?

"அவரு போயிட்டா நான் ஒண்டியா என்னக்கா பண்ணுவேன்?" – போனில் அழாத குறை. ஆனாலும் பின்வாங்கவில்லை. சண்முகத்தின் மேஜை, மனைவியின் குரல், நடுவில் அடிக்கும் மணி... எல்லாவற்றையும் விவரமாக எழுதிப் போலந்துக்கு அனுப்பிவிட்டு, தனியாகவே வேலையைத் தொடங்கினாள்.

ஒரு வாரம் பேச்சு மூச்சில்லை. பிறகு ஒரு மெயில். 'படம் காத்திருக்கட்டும்' என்று ஒற்றை வரி. கூடவே, பாதி வேலையை அவரே முடித்து அனுப்பியிருந்தார்!

வியாழக்கிழமை நான் போனபோது அதற்குச் சோதனை ஓட்டம். ஸ்பீக்கரில் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. மணி அடித்தது. சண்முகம் பேசி முடித்து, ஒரு பட்டனைத் தட்டினார். பாதியில் நின்ற வாக்கியத்தை மனைவியின் குரல் அப்படியே தொடர்ந்தது.

அவர் பாடத்தைக் கடைசிவரை கேட்டார். நாங்களும் நின்றபடியே கேட்டோம்.

"முடிஞ்சுபோச்சுங்க அம்மணி," என்றார்.

சாஃப்ட்வேரோடு போகும் உழைத்தவர்கள் பட்டியலில் இப்போது மூன்று பெயர்கள். மூன்றாவது, சண்முகம்.

"நான் ஒரு வரிகூட எழுதலீங்களே?"

"கேட்டது நீங்கதானுங்கண்ணா," என்றாள் கோகிலா.

திரும்பும்போது, பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாவிடம் முழுக் கதையையும் ஒப்பித்தேன். "அந்தப் புள்ள உங்களுக்கு என்ன வேணுமுங்க?" என்றார்.

"தங்கச்சிங்க!"

பாதி பஸ் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே!