அண்ணாவின் இரண்டு வருத்தங்கள்

அண்ணாவின் முதலாம் வருட ஆட்டைத் திவசத்துக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் ஊரவர்களுக்கும் அன்பான வணக்கம். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, அடையாள அட்டையை நீட்டி நீட்டி வந்திருக்கிறீர்கள். அண்ணா இருந்திருந்தால், "இவ்வளவு கஷ்டப்பட்டு என்னத்துக்கு வந்தீங்க, வடைக்கா?" என்று கேட்டுச் சிரித்திருப்பார்.

"சுகவீனமாக இருந்தார் என்று மட்டும் எழுது, மிச்சத்தை விடு" என்று சித்தப்பா சொன்னார். சித்தப்பா என்னை மன்னிக்க வேண்டும். அண்ணாவுக்கு மனநோய் இருந்தது. குடியும் இருந்தது. இரண்டையும் மறைத்து எழுதினால் அவர் பட்ட பாட்டையும் சேர்த்து மறைத்ததாகிவிடும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

அண்ணா எங்கள் கடற்கரை ஊரான உடப்பில், கரைவலை இழுத்த ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தார். அவருக்குப் பின் நான் ஒருத்திதான். அப்பா காய்ச்சலில் இறந்ததும் படிப்பை விட்டுக் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனார். என் பள்ளிக்கூடச் சப்பாத்து, தைப்பொங்கல் சட்டை, கலியாணக் கூறை எல்லாம் அவர் தந்தவை. கூறை வாங்கப் போய், கடைக்காரன் காட்டியவற்றில் கண்ணைப் பறிக்கும் பச்சையைத்தான் எடுத்து வந்தார். இன்றுவரை அதற்காக நான் அவரை மன்னிக்கவில்லை.

கொழும்பில் ஒருநாள் சுற்றிவளைப்புத் தேடுதலில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சில நாள் கழித்து விட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் இந்த நோய், இந்த வருத்தம் வந்தது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் ஊருக்குத் திரும்பியவர் பழைய அண்ணா இல்லை. ரேடியோச் செய்தியில் தன் பெயரை வாசிக்கிறார்கள் என்றார். ஆளில்லாத பக்கம் திரும்பிப் பதில் சொன்னார். பிறகு கசிப்பு, அந்தக் கள்ளச் சாராயம்.

"ஏன் அண்ணா இந்த நாசத்தைக் குடிக்கிறீங்க?" என்று ஒருநாள் அழுதேன்.

"குடிச்சா அவனுகள் கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கானுகள், தங்கச்சி" என்றார்.

சிலாபத்தில் ஒரு டாக்டரிடம் காட்டி மாத்திரை எடுத்தோம். வெட்கத்தில் குடியைப் பற்றி அவரிடம் மூச்சுவிடவில்லை. பகலில் மாத்திரை, பொழுதுபட்டால் கசிப்பு என்று நாட்கள் போயின.

ஓர் ஆடியில் அம்மா ஒரு வழி கண்டா. அம்மன் திருவிழாவுக்குத் தீ மிதிக்கக் காப்புக் கட்டினால் அவிழ்க்கும்வரை மீன் மச்சமோ மதுவோ கிட்ட வரக்கூடாது. எப்பேர்ப்பட்ட குடிகாரனும் எங்கள் ஊரில் அதை மீற மாட்டான். அண்ணாவும் ஓம் என்று சம்மதித்தார். மஞ்சள் வேட்டியோடு வந்து நின்றபோது அவ்வளவு அழகாக இருந்தார். "காப்புக் கட்டின கையால கண்ட மாத்திரையையும் தொடலாமா? அம்மன் பார்த்துக்கொள்ளுவா" என்று மாத்திரையைப் பறித்து அலுமாரிக்குள் வைத்தது அம்மா இல்லை. நான்.

மூன்றாம் நாள் பூசையில் அண்ணாவின் கை நடுங்கியது. உடம்பெல்லாம் வியர்த்தது. எங்கோ பார்த்துப் பேசினார். "அம்மன் வந்திட்டா!" என்று ஒருத்தி கத்தினாள். அவ்வளவுதான், மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், கையில் வேப்பிலை கொடுத்தார்கள், காலில் விழுந்தார்கள். மகனின் வெளிநாட்டுப் பயணம் சரிவருமா என்று கேட்டார்கள். நேற்றுவரை அவரைக் கண்டால் விலகிப் போனவர்கள்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் முன்னால் போய்க் கும்பிட்டேன். "தாயே, என் அண்ணாவின் குடியை நிப்பாட்டித் தா" என்று அவரிடமே கேட்டேன்.

அவர் குனிந்து என் காதில் சொன்னார்: "அம்மன் வரல்ல, தங்கச்சி. எனக்கு ஏலாம இருக்கு. பயமா இருக்கு. என்னைக் கொண்டு போ."

அண்ணாவை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சாமியை மறிக்கிறாள் என்று ஏசினார்கள். புத்தளத்துக்குத் திரும்பிப் போக இருந்த வேன்காரர், ஒரு முஸ்லிம் நானா, மறுபேச்சில்லாமல் ஏற்றினார். அண்ணாவின் அடையாள அட்டை வீட்டில். சாவடியில் துவக்கோடு வந்த ஆமிக்காரனுக்கு, நடுங்கி நடுங்கிப் பேசும் இந்த மஞ்சள் வேட்டி ஆளைக் கண்டதும் சந்தேகம். நானா இறங்கிச் சிங்களத்தில் கெஞ்சினார். "என்ட மச்சான்தான், கடும் வருத்தம்" என்று பொய் சொன்னாராம். அந்தப் பொய்க்கு அல்லாஹ் கூலி கொடுப்பான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத்தான் ஏசினார். ஒவ்வொரு நாளும் குடிக்கிறவர் வைத்தியரில்லாமல் ஒரேயடியாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாம். நாங்கள் சாமி என்று கும்பிட்டது அந்த ஆபத்தைத்தான். அதோடு மாத்திரையையும் நிறுத்தியிருக்கிறோம்.

பிழைத்தார். ஆனால் அலைச்சல் ஓயவில்லை. மனநோய்க்குப் போன இடத்தில் முதலில் குடியை விட்டுவிட்டு வா என்றார்கள். குடியை விடப் போன இடத்தில் முதலில் மனநோயைச் சுகப்படுத்து என்றார்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் ஒரு சிங்களத் தாதி, நாங்கள் மிஸ்ஸி என்போம், அவர்தான் கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்து, "நங்கி, ரெண்டு வருத்தமும் ஒரே ஆளுக்குத்தானே? ரெண்டையும் சேர்த்துப் பார்ப்பம்" என்றார். நங்கி என்றால் அவர்கள் மொழியில் தங்கச்சி. அங்கேயே அழுதுவிட்டேன்.

அம்மா இறந்த பிறகு அண்ணா என் வீட்டோடு. நான் நல்ல தங்கச்சியாக இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒருநாள் குடித்துவிட்டு வந்தவருக்குச் சோறு போடமாட்டேன் என்றேன். "குடிக்காத நாளைக்கு மட்டுந்தானா நான் உனக்கு அண்ணன்?" என்று கேட்டார். தட்டை எடுத்து வைத்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: குடித்தாலும் வீட்டுக்கு வரவேண்டும், வியாழக்கிழமை கிளினிக்குக்குப் போகவேண்டும், மிஸ்ஸியிடம் பொய் சொல்லக்கூடாது. வாசலில் நிறுத்தி, வாயில் கசிப்பு மணக்குதா என்று பார்ப்பேன். "சமாதானப் பேச்சு வந்தா ரோட்டுச் சாவடிய எடுப்பானுகள், எங்க வீட்டுச் சாவடி மட்டும் எந்தப் பேச்சுக்கும் எடுபடாது" என்பார்.

வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியார் அவரை அப்பா செய்த தொழிலுக்கே, கரைவலை இழுக்கக் கூப்பிட்டார். வலை ஏறியதும் எல்லோருக்கும் ஒரு சுற்றுச் சாராயம் கொடுப்பது வழக்கம். அதை நிறுத்திப் பிளேன்டீயும் கடிக்கப் பணிஸும் ஆக்கினார். இளையவர்கள் முணுமுணுத்தார்கள். "அவன் ஒருத்தனுக்காக நாங்க ஏன்?" என்றார்கள். "அவன் ஒருத்தனுக்காகத்தான்" என்றார் சம்மாட்டியார்.

முழுக்கக் குணமாகிவிட்டார் என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. இடையிடையே குடியில் விழுந்தார், எழும்பினார். கடைசித் தீபாவளிக்கும் விழுந்தார். மூன்றாம் நாள் தானாகவே கொப்பியைத் தூக்கிக்கொண்டு என்னை எழுப்பினார். குரல்கள் குறைந்த நாட்களில் என் பிள்ளைகளுக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்துக் கதை சொல்லுவார். ஒரு விடியலில் நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் என் மடியிலேயே அடங்கினார். சட்டைப் பைக்குள் அன்றைய மாத்திரை இருந்தது.

வேன் நானா, சம்மாட்டியார், மிஸ்ஸி, இத்தனை வருடமும் முகம் சுளிக்காத என் கணவர், செத்தவீட்டில் தோள்கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

இன்னொன்று. பிரேதத்தை எடுத்த பிறகு, எல்லோரும் ஆறுதல் சொல்லிப் போன இடத்தில், ஒரு தாய் மட்டும் என் கையைப் பிடித்தபடியே நின்றா. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "அந்த மிஸ்ஸி எந்த நாளில் இருப்பா, புள்ள?" என்று மட்டும் கேட்டா.

அந்தத் தாயின் மகனோடு ஒரு வருடமாக நான் வியாழக்கிழமைகளில் போய் வருகிறேன். அவர்கள் யாரென்று இங்கே எழுதமாட்டேன். இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் அண்ணாவைப் போல ஒருவர் இருந்தால், வியாழக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வாருங்கள். டாக்டரிடம் இரண்டையும் சொல்லுங்கள். சொல்ல வெட்கமாக இருந்தால் நான் சொல்லுகிறேன்.