வாக்குச்சீட்டில் இருந்த பிள்ளையார் சுழி

பிள்ளைகள்,

என் தங்கச்சி, உங்கள் மாமி, இங்கிலாந்தில் தேர்தலில் நின்று தோற்றது உங்களுக்குத் தெரியும். எப்படித் தோற்றார் என்பதை நான் இதுவரை சொல்லவில்லை. இந்த முறை கனடாவில் எங்கள் நகரசபைத் தேர்தலில் மூத்தவளுக்கும் வாக்கு இருக்கிறது. "ஆருக்குப் போட்டாலும் ஒண்டுதானே அப்பா, ஹூ கெயார்ஸ்?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்டாள். அதற்குப் பதில்தான் இது. நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். வாயால் சொல்லத் தொடங்கினால் கதை வேறெங்கோ போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

மாமியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதண்ணை, ஆனா ஊரின்ர பேர் போடாதை" என்றார். ஆகவே எந்தக் கவுண்டி, அதாவது எந்த மாவட்டம், என்று இதில் இருக்காது. வாசித்தால் ஏன் என்று உங்களுக்கே விளங்கும்.

கவுண்டி கவுன்சில் என்றால் பாராளுமன்றம் இல்லை. பெரிய றோட்டுகளைத் திருத்துவது, நூலகம், வயதானவர்களின் பராமரிப்பு, பஸ் ஓடாத கிராமத்துக்குக் காசு கொடுத்து பஸ் விடுவது, இப்படியான வேலைகள் அவர்களுடையவை. மாமியின் வேலை வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்ப்பது. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸை ஒரு நாள் நிறுத்திவிட்டார்கள். "குளிக்க வாக்கிறன், சாப்பாடு தீத்துறன், எல்லாம் செய்யிறன். ஆனா அதுகளைத் தோளிலை காவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகேலாது அண்ணை" என்று என்னிடம் சொல்லிக் குறைபட்டார். அந்த பஸ்ஸைத் திரும்ப ஓட வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் மாமி நின்றார். வேறு ஆசை இல்லை. கட்சியும் இல்லை, சுயேச்சை. எதிரே நின்றவர் நெடுங்காலமாக அந்த இடத்தை வென்றுவந்த ஒரு விவசாயி. பஸ்ஸுக்குக் காசு இல்லை என்று கை தூக்கியவர்களில் அவரும் ஒருவர்.

மாமிக்குத் தேர்தல் முகவராக நின்றவர் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே கடிதம் போடுகிற துவாரம் கதவிலேயே இருக்கும். துண்டுப் பிரசுரத்தை விரலால் தள்ளினால் உள்ளே நிற்கிற நாய் கடித்துவிடுமாம். மரக்கரண்டியால் தள்ளச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். மாமி எனக்கு ஒரு படம் அனுப்பினார்: மழைக்கோட்டு, ஒரு கையில் பிரசுரக் கட்டு, மறு கையில் கறிச்சட்டிக்கு வைத்திருந்த மரக்கரண்டி. "வாக்குக் கேக்கிறியோ, சாம்பார் வாக்கிறியோ?" என்று எழுதி அனுப்பினேன்.

வியாழக்கிழமை வாக்களிப்பு, வெள்ளிக்கிழமை எண்ணுவது. இங்கே எனக்கு அது காலை. யூனியன்வில் பக்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு ஸ்கூல் பஸ்ஸை யார்டில் கொண்டுவந்து நிறுத்தினேன். வீட்டுக்குப் போகவில்லை. பஸ்ஸுக்குள்ளேயே ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

என்னோடு பஸ் ஓட்டுகிற ஒரு அண்ணை இருக்கிறார், கோயில் பிரசாதம் கொண்டுவந்து உங்களுக்கென்று தருவாரே, அவர்தான். கோப்பியோடு படியில் ஏறினார்.

"என்னடாப்பா, பஸ்ஸுக்குள்ளை தவமோ?"

"தங்கச்சியின்ர எலெக்சன் அண்ணை. இப்ப எண்ணிக்கொண்டிருக்கினம்."

"வெள்ளையன்ர ஊரிலை எங்கட பெட்டை! வெண்டால் சொல்லு, லண்டனுக்கு வந்து மாலை போடுறன்."

"அது லண்டன் இல்லை அண்ணை. ஆடு மாடு உள்ள இடம்."

"அப்ப ஆட்டுக்கும் சேத்து ஒரு மாலை கொண்டு வாறன்."

அப்போதுதான் மாமி எடுத்தார். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணை, ஒரு வாக்கு பின்னுக்கு நிக்கிறன்."

"எத்தினை?"

"ஒண்டு. ஒரே ஒரு வாக்கு. திரும்ப எண்ணச் சொல்லிக் கேட்டிருக்கிறம்."

அண்ணை கோப்பியைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு "பயப்பிடாதை. அங்கை ஆமி பொலிஸ் எல்லாம் நிக்குதோ?" என்றுதான் கேட்க வந்தது. நான் ஊரில் கண்ட தேர்தல்களில் வாக்குப்பெட்டிக்குப் பக்கத்தில் துவக்கு ஏந்திய ஆமிக்காரர் இல்லாத ஒன்றும் இல்லை.

"ஆமியோ? ஒரு பொலிஸ்காரி நிக்கிறா. கேக் சாப்பிடுறா."

பிறகு அந்த மண்டபத்தைப் பற்றிச் சொன்னார். அது ஒரு விளையாட்டு மண்டபம். தரையில் பாஸ்கட்போல் கோடுகள். நீளமான மேசைகள். ஒரு பக்கத்தில் எண்ணுகிறவர்கள், விரலில் றப்பர் உறை போட்டுக்கொண்டு. மறுபக்கத்தில் போட்டியிடுகிறவர்களும் அவர்களுடைய ஆட்களும். பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், ஒரு சீட்டைத் தொட மட்டும் கூடாது. எந்தச் சீட்டும் முகம் மேலே பார்த்தபடிதான் இருக்கவேண்டும். "நானும் அந்த விவசாயியும் தோளோடை தோள் முட்ட நிண்டு ஒரே கட்டைப் பாக்கிறம் அண்ணை. அவரும் என்னைப் போல வாய்க்குள்ளை எண்ணுறார்" என்றார் மாமி.

பிள்ளைகள், தோற்கப் போகிறவரும் வெல்லப் போகிறவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரே கடதாசியை ஒரே கண்ணால் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நிற்பதை நான் அந்த பஸ்ஸில் இருந்து நினைத்துப் பார்த்தேன். உங்களுக்கு இது சாதாரணமாக இருக்கலாம். ஊரில் நான் அப்படி ஒன்றைக் கண்டதே இல்லை.

இரண்டாவது தரம் மாமி எடுக்கும்வரை அண்ணையும் நானும் ஃபோனையே பார்த்துக்கொண்டு இருந்தோம். அவர் பகிடி விடாமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

"முடிஞ்சுது அண்ணை. தோத்திட்டன்."

"எத்தினையாலை?"

"அதே ஒண்டாலைதான்."

அதன் பிறகு அவர் சொன்னதை, நினைவில் உள்ளபடி எழுதுகிறேன்.

திரும்ப எண்ணும்போது, சந்தேகத்துக்குரிய சீட்டுகளை அதிகாரி ஒவ்வொன்றாகத் தூக்கி எல்லாருக்கும் காட்டுவார். ஒருவர், வேட்பாளரின் பெயருக்கு நேரே உள்ள பெட்டிக்குள், X போலப் போடுகிற புள்ளடிக்குப் பதிலாகச் சிரிக்கிற முகம் கீறியிருந்தாராம். யாருக்குப் போட நினைத்தார் என்பது தெளிவாக இருக்கிறது என்று அதை வாக்காக எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் "எல்லாரும் கள்ளர்" என்று குறுக்கே எழுதியிருந்தார். அது தள்ளுபடி. இப்படியே போய் ஒரு சீட்டு வந்தது. புள்ளடி விவசாயியின் பெட்டிக்குள் ஒழுங்காக இருந்தது. ஆனால் சீட்டின் தலைப்பில், நடுவில், பென்சிலால் ஒரு சின்னச் சுழி. கீழே ஒரு கோடு.

"எங்கட பிள்ளையார் சுழி, அண்ணை."

ஸ்பீக்கரில் அதைக் கேட்டு அண்ணை "ஐயோ" என்றார்.

உங்களுக்குத் தெரியும், நான் கடைச்சாமான் துண்டு எழுதினாலும் மேலே ஒரு "உ" போட்டுவிட்டுத்தான் தொடங்குவேன். எங்கள் ஆட்களுக்குக் கை தானாகப் போகும். அந்த ஊரில் எங்கள் ஆட்கள் கொஞ்ச வீடுதான். அதில் ஒருவர், வாக்குச்சாவடி மறைப்புக்குள் தனியே நின்று, நூலில் கட்டிவிட்ட பென்சிலை எடுத்து, முதலில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, பிறகு வெள்ளைக்கார விவசாயிக்குப் புள்ளடி போட்டிருக்கிறார்.

மாமியின் முகவருக்கு அந்த எழுத்து என்னவென்று தெரியாது. ஆனால் சட்டம் தெரியும். சீட்டில் இருக்கிற அடையாளத்தை வைத்து வாக்காளர் யார் என்று கண்டுபிடிக்க முடிந்தால் அந்த வாக்கு செல்லாது. அவர் உடனே சொன்னாராம்: "இது யாரோ தன்னுடைய எழுத்தில் சுருக்கி வைத்த கையெழுத்து. இதைத் தள்ளவேண்டும்." தள்ளினால் இரண்டு பேருக்கும் சமம். சமம் என்றால் சீட்டுக் குலுக்கி எடுப்பார்களாம். பாதி வாய்ப்பு மாமிக்கு. பஸ்ஸுக்கும்.

அதிகாரி மாமியைப் பார்த்துக் கேட்டார், உங்கள் மொழியா இது, இது ஒரு பெயரா என்று.

"நீ என்ன சொன்னனீ?" என்றேன்.

"பேரில்லை எண்டு சொன்னன். நாங்கள் எதை எழுதத் தொடங்கினாலும் முதல் போடுறது, வேலை தடங்கலில்லாமல் நடக்கோணும் எண்டு கடவுளைக் கேக்கிறது எண்டு சொன்னன். இதை வைச்சு ஆளைச் சொல்ல முடியுமோ எண்டு கேட்டார். முடியாது, நானும் சோதினைத் தாளிலை போட்டனான், என்ர அம்மாவும் போடுவா எண்டன்."

"அந்தப் புள்ளடி எந்தப் பெட்டியிலை எண்டு தெரிஞ்சுகொண்டோ சொன்னனீ?"

"தெரியாமல் என்ன? கண் முன்னாலை கிடக்குது."

முகவர் மாமியின் கையைப் பிடித்தபடி தலை குனிந்துகொண்டாராம். அதிகாரி அந்தச் சீட்டை விவசாயியின் கட்டில் வைத்தார். முடிவை அறிவித்த பிறகு அந்த விவசாயி வந்து இரண்டு கையாலும் மாமியின் கையைப் பிடித்தார். "கடவுளைக் கும்பிட்டுப்போட்டு எனக்கு ஒருத்தர் வாக்குப் போட்டதை இண்டைக்குத்தான் கண்டனான்" என்று சொன்னாராம்.

எங்கள் அண்ணைக்குத் தாங்கமுடியவில்லை. ஃபோனுக்குள் குனிந்து கத்தினார்.

"பிள்ளை, உந்த ஆள் ஆரெண்டு கண்டுபிடிக்கேலாதோ? எங்கட பிள்ளை நிக்க, ஒரு தமிழன் வெள்ளையனுக்குப் போடுறதோ? அதுவும் பிள்ளையாரைக் கூப்பிட்டு!"

"கண்டுபிடிச்சு என்ன அண்ணை செய்யப்போறியள்?"

"கேக்கிறது! ஏனெண்டு கேக்கிறது!"

"அவருக்கு அந்த மனுசனைப் பிடிச்சிருக்கும். என்னைப் பிடிக்காமல் இருந்திருக்கும். அதுக்குத்தானே அண்ணை அந்த மறைப்பு வைச்சிருக்கினம்."

அண்ணை கோப்பியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்து எங்கள் ஆட்கள் யாருக்கு வாக்குப் போட்டார்கள் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த விசயம். தெரியாமல் போட்டவர் என்றால் ஏதோ மறைக்கிறார் என்று அர்த்தம். அங்கே என் தங்கச்சி, தனக்கு எதிராகப் போட்ட ஒருவரின் வாக்கைத் தானே காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, அந்த ஆள் யாரென்று அறியவும் விரும்பாமல் நிற்கிறாள். நான் சைக்கிளில் முன்னால் ஏற்றித் திரிந்த பிள்ளை. இவ்வளவு பெரியவளாக எப்போது வந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"பஸ்?" என்று கேட்டேன்.

"பஸ் இல்லை அண்ணை" என்றார். "திங்கக்கிழமை அந்தக் கிழவியளின்ர முகத்திலை எப்பிடி முழிக்கிறது?"

அந்த பஸ் இன்று வரை ஓடவில்லை. நான் உங்களுக்குக் கதையாகச் சொல்லுவதென்றால் ஓடவிட்டிருப்பேன்.

ஃபோனை வைக்க முன் மாமி ஒன்று சொன்னார். "சுழி விசயத்தை எங்கட ஆக்களுக்குச் சொல்லிப்போடாதை. இஞ்சை கொஞ்ச வீடுதான். பிறகு ஆள் ஆளை முறைச்சுப் பாக்கத் தொடங்கீடுவினம்."

அண்ணை பெருமூச்சு விட்டார். "நான் என்ன, ஊமை" என்று வாயில் விரல் வைத்துக் காட்டிவிட்டு, பாதிக் கோப்பியோடு தன் பஸ்ஸுக்குப் போனார்.

நான் தனியே இருந்தேன். எங்கள் சொந்தக்காரர்களின் வாட்சப் குறூப்பில், பாரிஸில் இருந்தும் யாழ்ப்பாணத்தில் இருந்தும் "என்ன மாதிரி?" "வெண்டாச்சோ?" என்று வந்து குவிந்துகொண்டிருந்தது. மாமி பேசிக்கொண்டிருந்தபோதே நான் ஆத்திரத்தில் ஒரு செய்தி எழுதத் தொடங்கியிருந்தேன். ஒரு வாக்கு, பிள்ளையார் சுழி, எங்கட ஆள் என்று நீளமாகப் போயிருந்தது. அனுப்பாமல் அதைக் கடைசி எழுத்தில் இருந்து பின்பக்கமாக, ஒவ்வொன்றாக அழித்தேன். ஒரேயடியாக அழிக்கலாம் என்று இளையவன் காட்டித் தந்திருக்கிறான். அன்றைக்கு அப்படிச் செய்ய மனம் வரவில்லை. வெறும் பெட்டி வந்ததும், "ஒரு வாக்காலை தோத்திட்டாள். எண்ணினது சரி." என்று எழுதி அனுப்பினேன்.