தலையைத் தூக்கினால் கால் மூழ்கும்

முழங்கால் வலிக்காகத்தான் நீச்சல் கற்கப் போனேன். ஐரோலியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. செம்பூரிலிருந்து ஆபீஸ் பஸ். பஸ்ஸிலும் உட்கார்ந்து ஆபீசிலும் உட்கார்ந்து உடம்பு கனத்துவிட்டது. நாற்பதைத் தாண்டியதும் ஸ்டேஷன் படி ஏறினால் முட்டி இரண்டும் குத்த ஆரம்பித்தன. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நடையைக் குறைத்து நீந்தச் சொன்னார். எனக்கு நீந்தத் தெரியாது. தாராவியில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தண்ணீர் என்றால் காலையில் குழாயில் வருவது, மழைக்காலத்தில் வாசல் தாண்டி உள்ளே வருவது. இரண்டிலும் யாரும் நீந்திப் பழகியதில்லை.

இதை என் தோழியிடம் சொன்னேன். எது நடந்தாலும் அவளிடம்தான் முதலில் சொல்வேன். மாட்டுங்காவில் ஒரே தமிழ்ப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். அவள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து எல்லோரும் ஆபீஸ் வேலை. என் வீட்டில் தோல் பை தைக்கிற பட்டறை. என் சட்டையில் தோல் வாடை அடிக்கிறது என்று மற்ற பெண்கள் தள்ளி உட்கார்ந்தபோது அவள் நகரவில்லை. பின்னாளில் என் அம்மா சயான் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் முழுக்க, எனக்கு மாற்றாக வந்து தரையில் பாய் விரித்துப் படுத்தவளும் அவள்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு எங்கெங்கோ இருந்துவிட்டு, அவளும் கணவரும் செம்பூரில் ஒரு புது டவரில் வீடு வாங்கி வந்திருந்தார்கள். கீழே நீச்சல் குளம் இருந்தது.

"எங்க சொசைட்டிலயே பூல் இருக்குடி. நேக்கும் நீந்தத் தெரியாது. ரெண்டு பேரும் சேந்தே கத்துக்கலாம்," என்றாள்.

"யாரு சொல்லிக் குடுப்பா?"

"கோச் ஒருத்தர் வரார். ஆனா ஆம்பளை. நோக்கும் சங்கடம், நேக்கும் சங்கடம். யூட்யூப்ல எல்லாம் இருக்கு. பாத்துண்டு நாமளே கத்துப்போம்."

"மூழ்கிட்டா?"

"நாலடி ஆழம்டி. எழுந்து நின்னா போறது."

அப்படித்தான் தொடங்கினோம். சனி, ஞாயிறு காலைகளில் குளம் காலியாக இருக்கும். முட்டி வரை மறைக்கிற நீச்சல் உடையை வாங்கி, அதன் மேல் ஒரு துப்பட்டாவையும் சுற்றிக்கொண்டு லிஃப்ட்டில் இறங்குவேன். அவள் துப்பட்டாவைப் பிடுங்கி நாற்காலியில் போட்டுவிட்டு என்னைத் தண்ணீருக்குள் தள்ளுவாள். முதல் வாரங்களில் இருவரும் ஒரே மாதிரி தத்தளித்தோம், ஒரே மாதிரி தண்ணீர் குடித்தோம், சுவரைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலச் சிரித்தோம். நீச்சல் வராவிட்டாலும் பரவாயில்லை, வாரத்தில் இரண்டு நாள் இவளோடு இப்படிச் சிரிக்கக் கிடைத்ததே போதும் என்று எனக்கு இருந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் அவளுக்கு நீச்சல் வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சத்தமே இல்லாமல் போனாள். நான் வாய் பிளந்து நின்றேன்.

"எப்பிடிட்டி வந்துச்சு?"

"தெரியலடி. திடீர்னு ஒரு நாள் பிடிபட்டுடுத்து. நோக்கும் வரும். பண்ணிண்டே இரு."

நம்பினேன். எனக்கு வராததற்கு என் உடம்புதான் காரணம் என்றும் நம்பினேன். தண்ணீருக்குள் தலை போனதும் மூச்சைப் பூட்டி வைத்துக்கொள்வேன். நெஞ்சு வெடிக்கப் போகும்போது தலையை முன்னால் தூக்கி வாயைப் பிளப்பேன். உடனே இடுப்புக்குக் கீழே யாரோ பிடித்து இழுப்பது போல இருக்கும். அதை ஈடுகட்டக் காலை இன்னும் பலமாக உதைப்பேன். கை இரண்டும் தண்ணீரை அறைந்துகொண்டே இருக்கும். பாதிக் குளத்தில் எழுந்து நின்று நாய் போல இரைப்பேன்.

நான் எழுந்து நிற்கும்போதெல்லாம் அவள் கரையில் போனோடு இருப்பாள். "வீடியோ எடுத்தாத்தான் தப்பு தெரியும்" என்று அவள்தான் ஆரம்பித்தாள்.

"என்ன தப்புன்னு சொல்லுட்டி," என்பேன்.

"தப்பா? நன்னாதான்டி வரது. பயம்தான் போகணும்."

"எங்க, காட்டு."

"ஆத்துக்குப் போய் அனுப்பறேன்."

அனுப்ப மாட்டாள். நானும் மறந்துவிடுவேன். அவள் பார்க்கிறாள் அல்லவா, தப்பு இருந்தால் சொல்லமாட்டாளா என்றுதான் இருந்தேன்.

இதற்கிடையில் முட்டி வலி கூடிவிட்டது. டாக்டருக்கே ஆச்சரியம். நீந்தினால் குறையத்தானே வேண்டும், எப்படி நீந்துகிறீர்கள் என்று கேட்டார். நன்றாகத்தான் வருகிறது என்றேன். தோழியிடம் சொன்னபோது அவள் முகம் வாடிப்போனது. அடுத்த வாரம் எனக்காக ஒரு வெந்நீர்ப் பை வாங்கி வந்து, சோபாவில் என்னைப் படுக்கவைத்து, அவள் கையாலேயே என் முட்டியில் வைத்து அழுத்தினாள். என் வீட்டில்கூட யாரும் எனக்கு அப்படிச் செய்ததில்லை. கண் நிறைந்துவிட்டது.

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் வழக்கமாக உட்காரும் மராட்டிப் பெண் ஒருத்தி, என் பிரிவிலேயே வேலை பார்ப்பவள். ஒரு நாள் காலை, பஸ் வாஷி பாலத்தில் நின்றிருந்தபோது என் தோளைத் தட்டினாள்.

"தூ ஸ்விம்மிங் சீக் ரஹீ ஹை நா? யே தேக்," என்று போனை நீட்டினாள். நீச்சல் கற்கிறாயே, இதைப் பார் என்கிறாள்.

தானே ஃப்ரீஸ்டைல் பழகுகிறவர்கள் செய்யும் தவறுகள் என்று ஆங்கிலத்தில் தலைப்பு. நீல உடை போட்ட ஒருத்தி குளத்தில் அடித்துப் புரண்டுகொண்டிருந்தாள். முகத்தின் மேல் மஞ்சள் நிறச் சிரிப்பு பொம்மை ஒட்டியிருந்தது. அவள் தலையைத் தூக்கும்போதெல்லாம் பொம்மையும் எம்பியது.

"பேச்சாரி, தேக் நா! பானீ மே சைக்கிள் சலா ரஹீ ஹை," என்று பக்கத்து இருக்கைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாவம், தண்ணீருக்குள் சைக்கிள் ஓட்டுகிறாளாம்.

நானும் சிரித்தேன். நிஜமாகவே சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உதைக்கிற காலில், கெண்டைச் சதையில், ஸ்கூட்டர் சைலன்ஸர் சுட்ட தழும்பைப் பார்த்தேன். அந்தத் தழும்பு என்னுடையது.

உள்ளே பேசிக்கொண்டிருந்த குரலும் எனக்குத் தெரிந்த குரல், என் தோழியுடையது. ஆங்கிலமும் இந்தியும் கலந்து, டீச்சர் போலத் தெளிவாக விளக்கிக்கொண்டிருந்தது. பாருங்கள், இவர் மூச்சுக்காகத் தலையை முன்னால் தூக்குகிறார். தலை மேலே போனால் கால் கீழே போகும், உடம்பு அப்படித்தான். தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்ப வேண்டும், நீச்சல் கண்ணாடியில் ஒரு பக்கம் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். இவர் உள்ளே மூச்சை விடுவதே இல்லை, அதனால் வெளியே வந்ததும் விடவும் நேரமில்லை, இழுக்கவும் நேரமில்லை. கை தலைக்கு நேர் முன்னால் குறுக்கே போய் விழுகிறது, தோளுக்கு நேராகப் போக வேண்டும். கடைசியாகப் படத்தை மெதுவாக ஓடவிட்டு என் காலைக் காட்டினாள். உதை இடுப்பிலிருந்து வர வேண்டும். இப்படி முட்டியை மடக்கி உதைத்தால் உடம்பு நகராது, முட்டிதான் கெடும்.

ஐரோலி வரும்வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தேன். ஆபீஸ் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வீடியோ வந்த பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். நாற்பதுக்கு மேல் உடற்பயிற்சி என்று ஏதோ ஒரு பெயரில் அவள் நடத்துகிற பக்கம். எனக்கு அதுவரை தெரியாது. அதில் என் உதைகள் பல துண்டுகளாக இருந்தன. நடுநடுவே அவள் அழகாக நீந்துகிற படங்கள். ஒரு படத்தில் அந்த சொசைட்டி கோச்சின் பக்கத்தில் ஈரத் தலையோடு நின்றிருந்தாள். வேலை நாள் மாலைகளில் அவரிடம் கற்றுக்கொண்டதாகவும், அவருக்கு நன்றி என்றும் எழுதியிருந்தாள். பிடிபட்டுடுத்து என்றாளே, அது இப்படித்தான் பிடிபட்டிருக்கிறது.

என் வீடியோவின் கீழே யாரோ ஒருவர் மராட்டியில் 'ம்ஹைஸ்' என்று போட்டிருந்தார். எருமை. அதற்கு அவள் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மையைப் பதிலாகப் போட்டிருந்தாள். மற்றதையெல்லாம் ஏதோ ஒரு சமாதானம் சொல்லி விழுங்கியிருப்பேனோ என்னவோ. அந்தப் பொம்மையை விழுங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் காட்டினேன். இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார்.

"மூஞ்சி தெரியலல்லா. பொறவு என்னத்துக்கு அழுத?" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா சரியாத்தான் சொல்லுதா," என்றும் சொன்னார்.

சரியாகத்தான் சொல்லியிருந்தாள். அதுதான் எனக்கு ஆறவில்லை. அவளுக்குத் தெரியாமல் இருந்து நான் அப்படி அடித்துக்கொண்டிருந்தால் அது வேறு.

சனிக்கிழமை எப்போதும் போலப் போனேன். போனில் கேட்கத் தோன்றவில்லை. அவளாகச் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பக்கம், அவள் பொய்யைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இன்னொரு பக்கம். இறங்கி வழக்கம் போலவே அடித்தேன். பாதியில் எழுந்து நின்றேன். அவள் கரையில் போனை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்பிடி இருக்கு?" என்றேன்.

"போன வாரத்துக்கு எவ்ளோ மேல்டி."

"தப்பு ஒண்ணும் இல்லையே?"

"பயம்தான்டி. வேற ஒண்ணும் இல்லை."

"முட்டிய மடக்கி உதைக்கேனாமே. முட்டி கெட்டுப் போவுமாமே."

போன் மெல்லக் கீழே இறங்கியது.

"யார் காட்டினா?"

"யாரு காட்டுனா என்ன? ஒன் கொரல் எனக்குத் தெரியாதா?"

அவள் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்தாள். "மூஞ்சிய மறைச்சுத்தானேடி போட்டேன். சத்தியமா மொதல்ல ஒண்ணுதான் போட்டேன். அத்தனை பேர் பாத்தா. எல்லாரும் இன்னும் போடு இன்னும் போடுன்னா. எத்தனை பேருக்கு உபயோகமா இருக்கு தெரியுமா?"

"எனக்குச் சொல்லலியே."

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப?"

அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. "கோச்கிட்ட போனதை உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்ததுடி. சேந்து கத்துக்கலாம்னு நாந்தானே சொன்னேன். அதைச் சொல்லாம உன் தப்பை மட்டும் எப்படிச் சொல்றது? அப்புறம்... நீ சரியா நீந்திட்டா..." என்று நிறுத்தினாள்.

"நீந்திட்டா?"

"ஒண்ணுமில்லை."

அவள் முடிக்காத வாக்கியத்தை நானே முடித்துக்கொண்டேன். நான் சரியாக நீந்திவிட்டால் அவளுக்குப் படம் பிடிக்கத் தவறு எங்கே கிடைக்கும்? வெந்நீர்ப் பையை என் முட்டியில் வைத்து அழுத்தியபோதும் அவளுக்கு இது தெரிந்திருந்தது. அந்த வாரமும் படம் எடுத்திருந்தாள்.

"அந்த எருமைக்கு எதுக்குட்டி சிரிச்ச?" என்று கேட்டேன். அவளுக்கு எது என்றே நினைவில்லை. விழித்தாள். நான் தண்ணீரிலிருந்து ஏறி, துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, உடையைக்கூட மாற்றாமல் ரிக்ஷா பிடித்தேன். இருக்கை நனைகிறது என்று ரிக்ஷாக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

வீடியோக்களை அவள் அன்றைக்கே நீக்கிவிட்டாள். ஆனால் அதற்குள் யார் யாரோ எடுத்து வேறு பக்கங்களில் போட்டுவிட்டார்கள். இன்றைக்கும் எங்காவது நான் உதைத்துக்கொண்டுதான் இருப்பேன்.

சில வாரம் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. முட்டி வலி விடுகிற வழியாக இல்லை. கடைசியில் செம்பூரில் முனிசிபாலிட்டி குளத்தில் பெண்களுக்கான காலை நேரத்தில் சேர்ந்தேன். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்று வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெரிய நிம்மதி.

தண்ணீரில் இறங்கி நின்றேன். அந்தக் குரலை மறக்க எவ்வளவோ முயன்றும் அதுதான் காதில் ஓடியது. தலையைத் தூக்காதே, திருப்பு. சரி என்று முகத்தை உள்ளே வைத்து, மூச்சைக் குமிழி குமிழியாக விட்டுக்கொண்டே போய், காது தண்ணீரில் கிடக்க மெல்லத் திருப்பிப் பார்த்தேன். வாய் ஓரத்தில் காற்று இருந்தது. கால்கள் கீழே போகவில்லை, பின்னாலேயே வந்தன. காலை இடுப்பிலிருந்து அசைத்தபோது முட்டிக்கு வேலையே இல்லை. எதிர்ச் சுவர் கையில் இடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இவ்வளவுதானா? இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா?

முட்டி வலி மெல்ல மெல்லக் குறைந்தது. டாக்டர் சந்தோஷப்பட்டார். நானும் அவளும் பேசிக்கொள்ளவில்லை. பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புவாள். பார்ப்பேன், பதில் போடமாட்டேன்.

பிறகு ஒரு நாள் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூ வாங்கிக்கொண்டிருந்தபோது அவள் எதிரே வந்து நின்றாள். இளைத்திருந்தாள். கையில் பூச்சரம். ஒதுங்கிப் போக இடமில்லை.

"முட்டி எப்படி இருக்கு?" என்றாள்.

"பரவால்ல."

"எல்லாத்தையும் எடுத்துட்டேன்டி. அந்தப் பக்கத்தையே மூடிட்டேன்."

நான் தலையை ஆட்டினேன். மன்னித்துவிட்டதாக அவள் எடுத்துக்கொண்டிருக்கலாம். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"பூலுக்குப் போறியா? நீச்சல் வந்துடுத்தா?"

"வந்துட்டு."

"நெஜமாவா? யார்டி சொல்லிக் குடுத்தா?"

அவள் நிஜமாகவே சந்தோஷத்தோடுதான் கேட்டாள். அந்தச் சந்தோஷத்தில் கள்ளம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை. சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். ஒவ்வொரு வார்த்தையும் அவளுடையது. அதை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"நானே கத்துக்கிட்டேன்," என்றேன். வாழைப்பூவைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தேன்.