விமான நிலையத்தில் ஓர் ஆடு

ஆங்கிலம் என்று ஒன்று உண்டான நாளிலிருந்து, அதன் முதல் பாடத்தில் எங்கள் துர்சுன் அண்ணனைப் போல உறுதியாக நின்றவர் உலகத்தில் யாருமில்லை. பேரரசுகள் வந்தன, போயின. அவர் "என் பெயர் துர்சுன்" என்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

வயது முப்பத்து நான்கு. எர்ஸுரும் மலைப்பாதையில் பதினோரு வருடம் மினிபஸ் ஓட்டியவர், கால்நடை மருத்துவராக வேண்டுமென்று பல்கலைக்கழகத்துக்கு வந்தார். மருத்துவத்தைத் தொடும் முன் ஆங்கில ஆயத்த வகுப்பில் தேற வேண்டும். அவருக்கு இது இரண்டாவது வருடம். ஜூன் தேர்விலும் அறுபது வராவிட்டால் பெயரை அடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவருக்குப் பக்கத்து இருக்கை என்னுடையது. பள்ளிக் காலத்தில் பாதியை மதில்மேல் கழித்த எனக்கும் எப்படியோ இடம் கிடைத்திருந்தது.

பாடநூலில் பன்னிரண்டு பாடம், அதில் நான்கு விமான நிலையத்தில் நடக்கும். பெட்டியைத் தொலைப்பது, கண்டுபிடிப்பது, ஜன்னலோர இருக்கை கேட்பது, அது கிடைக்காமல் வருந்துவது. அண்ணன் விமானம் ஏறியதே இல்லை.

"டேய் செர்ஹாத், ஒரு ஆடு பெட்டியத் தொலைச்சுட்டு வந்தா நான் வைத்தியம் பாத்துருவேன்" என்பார், பல்லிடுக்கில் சர்க்கரைக் கட்டியை வைத்துத் தேநீரை உறிஞ்சியபடி. "வயித்து வலின்னு வந்தாத்தான் கஷ்டம்."

வசந்தத்தில் பாடத்திட்டம் பற்றி எங்கள் கருத்தைக் கேட்டுத் தாள் கொடுத்தார்கள். நாற்பது வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். பெயர் எழுத வேண்டாம் என்றார்கள். கையெழுத்தை வைத்துப் பிடித்துவிடுவார்கள் என்று நாங்கள் நம்பியதால், எதையும் படிக்காமல் எல்லாவற்றுக்கும் ஐந்து போடுவதுதான் எங்கள் வழக்கம். இருபத்தேழாவது வாக்கியம், "நீங்கள் படிக்கிறீர்களா என்று பார்க்கிறோம், இங்கே ஒன்று போடவும்" என்றிருந்தது. அதற்கும் ஐந்து போட்டோம்.

அண்ணனும் நாற்பது ஐந்துகளைப் போட்டு, "பெட்டியில சேத்துரு" என்று என்னிடம் கொடுத்துவிட்டுத் தொழுகைக்கு ஓடினார். நான் அதைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். இருபத்தேழுக்கு ஒன்று. அடியில்: 'நான்கு விமான நிலையம், ஓர் ஆடுகூட இல்லை. என் ஆடு பெனெக்லி குட்டி போட முடியாமல் தவித்தபோது அதனிடம் பயணச்சீட்டா கேட்பது?' அதற்குக் கீழே அவர் முழுப் பெயர். பெனெக்லி கதையை அவர்தான் ஒருநாள் தேநீரோடு என்னிடம் சொல்லியிருந்தார். விளையாட்டுக்குத்தான் செய்தேன். அவர் அந்த விமான நிலையத்திலேயே கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்றாம் நாள் பாடத்திட்டக் குழுவிலிருந்து அண்ணனுக்கு அழைப்பு வந்தது. கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"முடிஞ்சுதுடா. ஜூன் வரைக்கும்கூட விட மாட்டாங்க. நான் அஞ்சுதானே போட்டேன்?"

"அஞ்சு பத்தலையோ என்னவோ, அண்ணே."

கதவில் காதை வைத்து நின்றேன். உள்ளே யாராவது சத்தம் போட்டால் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு. குழுத் தலைவியான ஆசிரியை முஜ்கான் ஹோஜா ஆங்கிலத்தில் கேட்டார், "பெனெக்லி யார்?"

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, என் பெயர் துர்சுன் என்பதைத் தாண்டாத மனிதர் இருபது நிமிடம் ஆங்கிலம் பேசினார். வினைச்சொற்கள் விழுந்த இடத்தில் கிடந்தன. சாவித்துவாரம் வழியே பார்த்தேன். காற்றில் கைவிட்டுக் குட்டியை இழுத்துக்கொண்டிருந்தார். ஐந்து ஆசிரியர்களும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குட்டி வெளியே வந்ததும் ஒருவர் கைதட்டினார்.

குழு ஆறு முறை கூடியது. ஆடு அவசியம். ஆனால் விமான நிலையம் ஏற்கனவே அச்சாகிவிட்டது. இரண்டையும் விடாமல் 'விமான நிலையத்தில் ஓர் ஆடு' என்று பதின்மூன்றாம் பாடம் ஒட்டினார்கள். அதில் ஆடு ஜன்னலோர இருக்கை கேட்கும், பிறகு அதற்கு வயிறு உப்பும்.

ஜூன் வாய்மொழித் தேர்வில் அண்ணன் எடுத்த சீட்டில் அந்தப் பாடம் வந்தது. எழுபத்தொன்று. எனக்கு அறுபத்து மூன்று.

மதிப்பெண் பலகை முன்னால் எனக்கும் சேர்த்து இரண்டு தேநீர் வாங்கி வந்தார்.

"பெனெக்லி பேரு இந்த ஊர்ல ஒரே ஒருத்தனுக்குத்தான் தெரியும்."

"யாருக்குண்ணே?"

"வருஷக் கடைசிக் கருத்துத்தாள் குடுத்தாங்களே, நீ வராத அன்னைக்கு. உன்னோடதையும் நானே எழுதிப் போட்டுட்டேன். முழுப் பேரோட."

"என்ன எழுதுனீங்க?"

சர்க்கரைக் கட்டியை நிதானமாகப் பல்லிடுக்கில் வைத்தார்.

"செவ்வாக்கிழமை முஜ்கான் ஹோஜா கூப்பிடுறாங்க. கோட்டு இல்லன்னா என்னோடதப் போட்டுட்டுப் போ."