மகள் கட்டப்போகும் வரி

கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு ஸ்காலர்ஷிப் வந்தது. அதற்கு வருமான வரி பிடிப்பார்கள் என்று யாரோ சொல்ல, பயந்துபோய், பணமே வேண்டாமென்று கல்லூரியில் எழுதிக் கொடுக்கக் கீரமங்கலத்தில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் ஓர் அம்மா. எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிய பிறகுதான் பதில் சொன்னார்.

“படிப்புக்குன்னு குடுக்குற காசுக்கு வரி கெடையாதுங்க. இதுக்கா பஸ் ஏறுனீங்க?”

“பின்னாடி வந்து கேட்டாங்கன்னா?”

மறுபடி துடைத்தார். “ஒங்க மக வேலைக்குப் போயி நல்லா சம்பாரிக்கட்டும். அப்பக் கேப்பாங்க, கட்டட்டும்!”

எங்கள் வம்சத்தில் யாரும் வருமான வரி கட்டியதில்லை. என் மகள் கட்டப்போகிறாள்! நன்றிகூடச் சொல்லாமல், ஊர் திரும்பப் பாதி வழியில் திருவரங்குளத்திலேயே குதித்து இறங்கினேன். ஜன்னலில் அவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் யாரும் எதுவும் கேட்கவில்லை.