விலாங்குக்குத் துணை தேடியது

எங்கள் வீட்டில் அலமாரி இருந்த இடத்தில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. நான்கடி நீளம். உள்ளே உப்புத் தண்ணீர், கடல் மீன். தாராவியில் குடிசைகளை இடித்துக் கட்டிக்கொடுத்த கட்டடத்தில், ஒரு அறையும் சமையலறையும் உள்ள வீட்டில், இப்படி ஒன்றை வைத்திருப்பவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆசைப்பட்டு வாங்கியதில்லை. என் மகன் செம்பூர், மாட்டுங்கா பக்கம் பெரிய வீடுகளில் மீன்தொட்டி சுத்தம் செய்யும் வேலை பார்த்தான். அதில் ஒரு வீட்டுக்காரர்கள் ஊரைவிட்டுப் போகும்போது தொட்டியையும் அதிலிருந்த விலாங்கையும் இவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

பழுப்பு உடம்பு, மஞ்சள் புள்ளி, என் மணிக்கட்டுப் பருமன். எங்கள் ஊர்க் கடற்கரையில் இந்த ஜாதியை அஞ்சாலை என்பார்கள். வலையில் வந்தால் தலையில் ஒரு போடு போட்டுவிட்டுத்தான் கையில் எடுப்பார்கள். கடித்தால் விடாது. தொட்டி வந்த அன்று என் மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "சேலை வைக்க இடமில்ல, பாம்புக்கு வீடு கட்டிக் குடுக்கியளோ அப்பனும் மவனும்?" என்று கேட்டாள். இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. பிறகு அவளே அதற்குக் கணவாய்த் துண்டு போடப் பழகிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குச் சாம்பிராணி காட்டிவிட்டுத் தொட்டிக்கும் காட்டப் போக, புகை தண்ணீருக்கு ஆகாது என்று மகன் சண்டை போட்டான். அப்புறம் குங்குமப் பொட்டு மட்டும் கண்ணாடியின் வெளிப்பக்கம் வைத்தாள். அந்தப் பொட்டு இப்போதும் மங்கலாக இருக்கிறது. நான் துடைக்கவில்லை.

மகனுக்கு வளைகுடாவில் ஒரு ஓட்டலில் மீன்தொட்டி பார்க்கும் வேலையே கிடைத்தது; போய்விட்டான். அவன் போன அடுத்த மழைக்காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. நான் கீழே என் மாவுக் கடையில் இட்லி மாவைப் பாக்கெட்டில் கட்டிக்கொண்டிருந்தேன். மேலே வந்து பார்த்தபோது சமையலறை வாசலில் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கையும் பேச்சும் போயின. பேச்சு மெல்ல வரலாம், வராமலும் இருக்கலாம், நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டர். நான் மாவு விலையையும் தண்ணீர் வந்த நேரத்தையும் சொல்லிக்கொண்டே இருந்தேன். இத்தனை வருஷம் வீட்டில் பேசியவள் அவள்தான். எனக்கு அவ்வளவு பேச வராது.

கட்டில் போட வேறு இடம் கிடையாது. தொட்டிக்கு எதிரேதான் போட்டோம். அவள் பகல் முழுவதும் அதையே பார்த்துக் கிடந்தாள். விலாங்கோ பகலில் வெளியே வராது. குழாய்த் துண்டுக்குள் உடம்பைச் செருகிக்கொண்டு தலையை மட்டும் நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடும். அது கோபமில்லை, அப்படித்தான் மூச்சு விடும் என்று மகன் முன்பே சொல்லியிருந்தான். இருந்தாலும் என்னால் பார்க்க முடியாது. இங்கே கட்டிலில் அவளும் ஏதோ சொல்ல வருவதுபோல வாயைத் திறப்பாள், மூடுவாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன்.

மகன் தினமும் வீடியோவில் வருவான். ஒருநாள் அவன்தான் சொன்னான், அம்மா பார்ப்பதற்கு ஓடியாடுகிற மீன் ஒன்று விடுவோம் என்று. ஆனால் விலாங்கோடு விடுவதற்குப் பார்த்து விட வேண்டும். அதன் வாய்க்குள் அடங்குகிற மீன் கூடாது. அதைக் கடித்துத் தொந்தரவு செய்கிற மீனும் கூடாது. நண்டும் இறாலும் விட்டால் தீனிதான். விலாங்கு தின்று மிச்சம் போடுவதில் தண்ணீர் சீக்கிரம் கெடும், அதையும் தாங்க வேண்டும். ஊரோடு கட்டிக்கொடுத்துவிட்ட எங்கள் மூத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட நாங்கள் இவ்வளவு யோசிக்கவில்லை.

குர்லாவில் ஒரு மீன் கடைக்குப் போனேன். மகன் சொன்னதெல்லாம் காதில் இருந்தாலும், கண் போனது சாதுவான மீன்கள் பக்கம்தான். குட்டிக் குட்டியாக நீல மீன்கள், யாரையும் ஒன்றும் செய்யாதவை. அப்படிப்பட்டதோடு விலாங்கும் சண்டைக்குப் போகாது என்று நினைத்தேன். என்ன தொட்டி என்று கடைக்காரர் ஹிந்தியில் விசாரித்தார். சொன்னதும் சிரித்துவிட்டார். சாச்சா, இது உங்கள் விலாங்குக்கு ஒருநாள் நாஷ்தா, காலைப் பலகாரம், என்றார். பிறகு பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற கிளாத்தி மீன் ஒன்றைக் காட்டி, இது விலாங்கின் வாலையே கடித்துத் துப்பும் என்றார். விசிறி விரித்தாற்போல ஒரு மீன் இருந்தது. பொருந்துமாம். ஆனால் அதன் முள் பட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எனக்கு ஏதாவது ஆனால் அவளுக்குக் கஞ்சி ஊட்ட யார் இருக்கிறார்கள்?

கடைசியில் ஒரு மஞ்சள் மீனைக் காட்டினார். என் உள்ளங்கை அகலம், கறுப்பும் வெள்ளையுமாக முகம், நீட்டின மூக்கு. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நிறம்தான் வேறு, ஜாதி நம் ஊர் ஓரா. ஓராக் குழம்பு என் மனைவி கையால் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். இதற்கும் முதுகில் முள் உண்டு, விஷமும் உண்டு. ஆனால் நாம் பிடிக்கப் போனால்தான் குத்தும். அந்த முள்ளுக்குப் பயந்து விலாங்கு கிட்டே வராது என்றார். அதோடு இது கீரை தின்கிற மீன். அந்தத் தொட்டிக்குள்ளும் ஒரு சைவம் இருக்கட்டும் என்று எனக்கு ஒரு சந்தோஷம். பாலக்கீரையை வெந்நீரில் முக்கிக் கண்ணாடியில் கிளிப் போட்டு மாட்டுவேன். மாடு மாதிரி மேயும்.

அது வந்து சில நாள் ஆகியிருக்கும். மத்தியானம் அவளுக்கு ரசம் சாதம் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். ஓரா பாறைக்குப் பின்னாலிருந்து வளைந்து எங்கள் பக்கம் வந்தது. அவள் இடது கையைத் தூக்கினாள்.

"அந்தா" என்றாள்.

ஸ்பூனைத் தட்டில் வைத்தேன். இன்னொரு தடவை சொல்லு என்றேன். சொல்லவில்லை. மறுநாள் சொன்னாள். அப்புறம் மீன் வரும்போதெல்லாம் சொன்னாள். போகப்போக டீக்கும் அந்தா, ஜன்னலைச் சாத்தவும் அந்தா, என்மேல் எரிச்சலுக்கும் அந்தா. இழுத்துச் சொன்னால் ஒன்று, வெடுக்கென்று சொன்னால் இன்னொன்று. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்னைப் பழையபடி வைய ஆரம்பித்தாள். வீட்டில் மறுபடி ஆள் இருப்பது போலிருந்தது.

அந்தச் சொல்லைக் கொடுத்தது முருகன்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கொடுத்தவனிடமே மீதியையும் கேட்போம் என்று அந்த ஐப்பசியில் கந்த சஷ்டி விரதம் எடுத்தேன். வழக்கமாக எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளிதான் மீன் கிடையாது. சஷ்டி ஆறு நாளும் மீன் வாடையே கூடாது. ஃப்ரிட்ஜைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, விலாங்குக்காக வைத்திருந்த கணவாய்ப் பொட்டலத்தை வெளியே கொடுத்துவிட்டேன். நாங்கள் பாலும் பழமுமாக இருக்கும்போது அதுவும் இருக்கட்டுமே என்றுதான் நினைத்தேன். ஓராவுக்குக் கீரை உண்டு, அதற்குக் குறையில்லை. துணைக்கு அம்பர்நாத்திலிருந்து என் அக்கா வந்திருந்தாள். அவளும் விரதம்.

சூரசம்ஹாரத்தன்று சாயங்காலம் செம்பூர் முருகன் கோவிலுக்குப் போனேன். கூட்டத்தில் எக்கிப் பார்த்து, அவள் வாய் திறக்க வேண்டும், முருகா, அது ஒன்றுதான் என்று கேட்டேன். திருநீறு மடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மாடி ஏறும்போதே டிவி சத்தம் கேட்டது. உள்ளே போனால், ஓரா தொட்டித் தரையில் சாய்ந்து கிடக்கிறது. வால் இல்லை, வயிற்றுப் பக்கம் கிழிந்திருக்கிறது. வாய் மட்டும் அசைகிறது. விலாங்கு குழாய்க்குள் போய்த் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அவள் கண் தொட்டியில் இருந்தது. கன்னமெல்லாம் ஈரம்.

அக்கா சாமி படத்துக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். தொட்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளே சொன்னாள். "நீ போனதுலருந்து அந்தா அந்தான்னு ஒரே சத்தம், தம்பி. டிவி கேக்கான்னு நெனச்சிட்டேன். போட்டு விட்டேன். அப்பவும் நிறுத்தல. சத்தம் பத்தலையோன்னு கூட்டி வச்சேன்."

பிறகுதான் திரும்பித் தொட்டியைப் பார்த்தாள். கட்டின பூ மடியிலிருந்து விழுந்தது. அவளை நான் என்ன சொல்ல? அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எங்களுக்காகக் கிடந்தவள்.

அன்று இரவே மகனிடம் சொன்னேன். கணவாய் கடைசியாக எப்போது போட்டேன் என்று கேட்டான். சஷ்டி என்றேன். கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"பட்டினி கெடந்தா அது சாவாதுப்பா" என்றான். "கூட இருக்கதுதான் சாவும்."

அதன் முள்ளையும் மீறிக் கடித்ததா, வேறு நோவில் ஓரா சாய்ந்த பிறகு கடித்ததா, அவனுக்கும் நிச்சயமில்லை. யாருக்குத் தெரியும். நான் முருகனிடம் அவளுக்குப் பேச்சு கேட்கப் போன நேரத்தில் அவள் இங்கே இருந்த பேச்சையெல்லாம் கூட்டிக் கூப்பிட்டிருக்கிறாள். கேட்கத்தான் ஆளில்லை.

அன்றைக்குப் பிறகு அந்தச் சொல் வரவில்லை.

அந்த விலாங்கைக் கொடுத்துவிட்டால் என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் நினைத்தேன். கடைக்காரர் வலையும் வாளியுமாக ஓர் ஆளை அனுப்பினார். அவன் தொட்டி மூடியைத் திறந்ததும் இவள் இடது கையால் கட்டிலை அடிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை. அவன் பயந்து வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதன்மேல் அவளுக்குக் கோபமா, பாசமா, எடுக்காதே என்றாளா, இன்னும் முன்னாலேயே எடுத்திருக்கலாம் என்றாளா, என்னால் சொல்ல முடியவில்லை. கேட்டால் சொல்ல வாயில்லை. விலாங்கு அப்படியே இருக்கிறது. நன்றாக வைத்துக்கொண்டால் வருஷக்கணக்கில் இருக்குமாம்.

கடையில் மறுபடி ஓரா வர மாதக்கணக்கானது. இந்தத் தடவை முன்னதைவிடப் பெரிதாகப் பார்த்து வாங்கினேன். மகன் சொன்னபடி, முதலில் விலாங்குக்கு வயிறு நிறையப் போட்டு, பாறைகளை மாற்றி அடுக்கி, அப்புறம் விட்டேன். நன்றாக நீந்துகிறது. அவளும் பார்க்கிறாள். வளைந்து வரும்போது அவள் கண்ணும் கூடவே வருகிறது. கை மட்டும் எழும்பவில்லை.

இதோ இந்த வருஷ சஷ்டியும் வந்துவிட்டது. விரதத்தை விட எனக்கு மனமில்லை. கணவாயை நிறுத்தவும் தைரியமில்லை. கோவிலில் குருக்களிடம் கேட்டேன். விரத வீட்டில் மீனுக்கு மீன் போடலாமா என்றதும், புரியாமல் என்னைப் பார்த்தார். பின்னால் நீளமாக வரிசை. சுவாமிக்குத் தெரியாததா என்று சொல்லி விபூதியைக் கையில் போட்டுவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். அக்கா இந்த முறையும் வந்திருக்கிறாள். கணவாயைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மாறியது.

"வெரத வீட்டுக்குள்ள இத வச்சா, நாம கெடக்க பட்டினிக்கு என்னல பலன்?"

"தெரியலக்கா" என்றேன்.

ஃப்ரிட்ஜில் வைக்காமல் ஐஸ் போட்ட டப்பாவில், வாசலுக்கு வெளியே செருப்புப் பக்கத்தில் வைத்துக்கொள் என்று மட்டும் சொன்னாள். காலையில் குளித்துப் பூஜை முடிக்கிறேன். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு, நீளக் குச்சியில் கணவாயைக் குத்தி நீட்டுகிறேன். குழாய்க்குள்ளிருந்து தலை வரும். முகர்ந்து பார்த்து வெடுக்கென்று பிடுங்கும். ஓரா மேலே கீரை மேய்ந்துகொண்டிருக்கும். மறுபடி குளித்துவிட்டு வந்து முருகன் படத்தின் முன் உட்காருகிறேன். இந்த விரதம் அவன் கணக்கில் விரதமா இல்லையா, தெரியவில்லை. போன வருஷம் முழுப் பேச்சையும் கேட்டேன். இப்போது அந்த ஒரு சொல்லை மட்டும்தான் கேட்கிறேன்.

நான் மாவு விற்கக் கீழே போகும்போது அக்கா அவள் பக்கத்தில் உட்காருகிறாள். தொட்டியைப் பார்த்து உட்காருகிறாள். டிவியின் பிளக்கையே பிடுங்கி வைத்திருக்கிறாள். பூக் கட்டும்போது வாய்க்குள் முனகுகிற பாட்டைக்கூட விட்டுவிட்டாள். நான் மாடி ஏறி வரும்போது எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொட்டியின் பம்ப் சத்தம் மட்டும்தான் கேட்கும். உள்ளே போனதும் அக்காவைப் பார்ப்பேன். அவள் தலையை மட்டும் அசைப்பாள், இன்னும் இல்லை என்று.